வயதுச் சான்று

தம்பியைக் கொன்ற ஒரு பொய்யை, அதே பொய்யால் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு கைக்கு வந்தால் ஒருத்தி என்ன செய்வாள்? சங்கரன்கோவிலில் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்த வடிவாம்பாளுக்கு அந்த வாய்ப்பு 1948இல் வந்தது.

ஆறு வருடத்துக்கு முன், பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துவிட்ட கோமதிநாயகம், அவளுடைய பதினைந்து வயதுத் தம்பிக்குப் பதினெட்டு என்று எழுதிக்கொடுத்தார். தம்பி பர்மாவில் செத்தான். அன்றிலிருந்து அவள் அவரை ஒரு நாள் விடாமல் வெறுத்தாள். அந்த வெறுப்பை நான் உயர்வாகச் சொல்ல மாட்டேன்; அது பொய்யில்லை, அவ்வளவுதான்.

இப்போது கோமதிநாயகத்தின் மகனே, அவளிடம் படித்தவன், வயதுச் சான்று கேட்டு வந்து நின்றான். அவனுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது.

"பதினெட்டுன்னு போடுங்க டீச்சர். காஷ்மீர்ல சண்டை நடக்கு."

"ஏல, யாரோட சண்டை போடப் போற?"

"அதை அங்கன போய்க் கேட்டுக்கிடுதேன்."

பின்னாலேயே தகப்பனார் ஓடிவந்தார். "உள்ள வயசை எழுதுங்க, தாயி. ஒத்தப் பிள்ளை."

"என் தம்பிக்கு அன்னைக்கு என்ன வயசு, அண்ணாச்சி?"

அவர் மகனைப் பார்த்துவிட்டு முனகினார். "பதினஞ்சு."

"உங்க மகனுக்குக் கேக்கலை."

"பதினஞ்சு!"

வடிவாம்பாள் பதினெட்டு என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்தாள். மகன் ஆசையோடு கை நீட்டினான். அவள் தாளை அவனிடம் கொடுக்காமல் தகப்பனார் கையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.