மஞ்சள் மாத்திரை, வெள்ளை மாத்திரை

மினசோட்டாவில் பனி அள்ளி இடுப்பு பிடித்துக்கொள்ளாத ஆளே கிடையாது. ஆர்விட் லுண்டீனுக்கு இடுப்போடு கழுத்தும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். கழுத்து திரும்பாதவரை நம்பிப் பிள்ளைகளை யார் ஏற்றி அனுப்புவார்கள்?

டாக்டரம்மா முதலில் தசையைத் தளர்த்தும் மஞ்சள் மாத்திரை எழுதித் தந்தார். சைக்ளோபென்சாப்ரின். வலி போயிற்று, ஆளும் போனார். சூப் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினார். அதனால் வெள்ளைக்கு மாற்றினார்கள். மெத்தோகார்பமால்.

"இதுல தூக்கம் கொஞ்சம் குறைச்சல். ஆனா ஆளுக்கு ஆள் மாறும். வீட்ல இருந்து பாத்துட்டு சொல்லுங்க. அப்புறம்தான் வண்டி" என்றார் டாக்டரம்மா.

ஆர்விட் தேவாலயத்தில் பார்க்க முடிவு செய்தார். பாஸ்டர் ஹால்வர்சனின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் விழித்திருக்க முடிந்தால் எங்கேயும் விழித்திருக்கலாம். தேறினால் மறுநாள் வண்டி அவருக்கு. இல்லாவிட்டால் மாற்று ஓட்டுநர் டுவேனுக்கு. டுவேன் பெயரைக் கேட்டாலே ஆர்விட்டுக்கு வயிறு எரியும்.

"நல்ல பரீட்சைதான்" என்றாள் மனைவி சோல்வெய்க். "நீ மாத்திரையே இல்லாம அங்க முப்பது வருஷமா குறட்டை விடுற ஆளு. தூங்கிட்டா பழியை மாத்திரை மேல போடுவியா, பாஸ்டர் மேல போடுவியா?"

வழக்கமான கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கண் சொருகவேயில்லை. விழித்த கண்ணோடு அவரைப் பார்த்ததும் பாஸ்டருக்குத்தான் தடுமாறியது. ஒரே வசனத்தை இரண்டு முறை படித்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது அவரை ஓரங்கட்டிக் கேட்டார்.

"நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா, ஆர்விட்?"

"பரவால்ல, பாஸ்டர்." அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

"ஜெயிச்சுட்டே! அப்போ நாளைக்கு வண்டி எடுக்குறியா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் சோல்வெய்க்.

ஆர்விட் திரும்பினார். கழுத்து வரவில்லை, உடம்பு மொத்தமும் திரும்பியதில் கையிலிருந்த காபி பாஸ்டரின் அங்கியில் கொட்டியது. பிரசங்கம் முழுக்க அவரை விழிக்க வைத்தது வலிதான். வெள்ளை மாத்திரை அதன் கிட்டக்கூடப் போகவில்லை.

தண்டவாளம் வந்தால் பள்ளிப் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அவரே பேருந்துப் பொறுப்பாளருக்குப் போன் செய்தார். "டுவேனை எடுக்கச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை, டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு மறுபடி மஞ்சள். விழுங்கிவிட்டு, தண்டவாளம் தெரியும் சமையலறை ஜன்னலில் உட்கார்ந்தார்.

"போய்ப் படேன், தலை ஆடுது" என்றாள் சோல்வெய்க்.

அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டார். பேருந்து வந்தது. நின்றது. கதவு திறந்தது. டுவேனின் தலை இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது.

"ஒழுங்கா பாக்குறானா?"

"பாக்குறான், படுபாவி" என்றார் ஆர்விட்.

கடைசிச் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டிய பிறகுதான் தூங்கினார்.