ஆடுகள் போன பிறகு போன பயிற்சி

ஓய்வுபெற்ற பிறகு பொம்மனஹள்ளியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வடக்கே, மழை பொய்க்கும் மேட்டுநிலங்களில் ஆடு மேய்ப்பவர்களுக்குக் கைப்பேசியைக் கையாளச் சொல்லிக்கொடுப்பது எங்கள் திட்டம். அதற்கு என் மகனைவிட இளைய ஒருவர் மேலாளராக வந்தார். முதல் கூட்டத்தில் நான் வாய் திறந்ததும் கையமர்த்தினார்.

“சார், ட்ரெயினிங்க நாங்க பாத்துக்கறோம். நீங்க லஞ்ச் மட்டும் பாருங்க, போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு என்னோடு பஸ்ஸில் வந்தது. இவன் ஒருநாள் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவரே வழி செய்து கொடுத்தார். ஒரு மேய்ப்பர் ஊரில் பயிற்சியைப் பொங்கல் முடிந்த வாரத்தில் வைத்தார். அப்போது அந்த ஊரில் ஆளே இருக்காது என்பது எனக்குத் தெரியும். முன்பு ஊர் பார்க்கப் போனபோது, ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி, தாத்தா என்பதுபோல அஜ்ஜா என்றழைத்து, கன்னடத்தில் சொல்லியிருந்தாள்: “அஜ்ஜா, தீபாவளி முடிஞ்சா மந்தையோட கிளம்பிடுவோம். மழை விழுந்தாதான் திரும்புவோம். அதுக்கு முன்னாடியே வந்து சொல்லிக்குடுங்க. போற வழியில ஆட்டுக்கு நோவு வந்தா டாக்டருக்குப் போட்டோ அனுப்பணும். எனக்குப் பேச மட்டும்தான் தெரியும்.”

சரி என்று தலையாட்டினேன். அலுவலகத்தில் மூச்சுவிடவில்லை. மேலாளர் தேதியை அறிவித்தபோது, “நல்ல தேதி சார்” என்றேன்.

அந்த நாளும் வந்தது. வேனில் டேப்லெட்டுகள், பேனர், பணம் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஓர் அம்மையார். ஊரில் பூட்டிய வீடுகள், வெறும் பட்டிகள், நிழலில் இரண்டு கிழவர்கள்.

“எல்லாரும் எங்கே?” என்று அம்மையார் கேட்டார். மேலாளர் வியர்த்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

“சார், உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

“லஞ்ச் ரெடி சார். நாப்பது பேருக்கு.”

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே ஒரு பொட்டலம் புளியோதரையைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான சாப்பாடு அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

ஆனால் மேலாளருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சில மாதங்களில் வேறு இடத்தில் இதைவிட நல்ல வேலைக்குப் போய்விட்டார். அந்த மக்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லித் திட்டத்தைத்தான் மூடினார்கள்.

முதல் மழை விழுந்ததும் அந்த ஆடு மேய்க்கும் பெண் போனில் கூப்பிட்டாள்.

“வந்துட்டோம் அஜ்ஜா. வழியில வாய்ப்புண் வந்து பாதி மந்தை போச்சு. டாக்டர் போன்லயே, போட்டோ அனுப்பு, பாத்து மருந்து சொல்றேன்னாரு. எனக்கு அனுப்பத் தெரியல. இருக்கறதையாவது காப்பாத்தணும். எப்ப வர்றீங்க?”

பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவன் மேல கோபம்னா அவன் சோத்துல உப்ப அள்ளிப் போட்டிருக்கலாமே அஜ்ஜா. எங்க ஆடு உனக்கு என்ன பண்ணுச்சு?”

வைத்துவிட்டாள். நானே வந்து சொல்லித்தருகிறேன் என்று சொல்லப் பலமுறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அந்த மேலாளரை நினைத்து எனக்கு இன்றும் வருத்தமில்லை. வெயிலில் அவர் நின்ற கோலம் நினைவுக்கு வந்தால் இப்போதும் மனம் இனிக்கத்தான் செய்கிறது. அந்த இனிப்பு அடங்குவதற்குள் அவள் கேட்டது வந்துவிடுகிறது.