எங்கே பிடித்தாய் என்று கேட்கக் கூடாத ஊர்

காலை 6.40, இராயபுரம்.

வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்பிலிருந்து இராயபுரம் ரயில் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். அங்கிருந்து எண்ணூருக்கு மின்ரயிலில் ஐந்து ரூபாய். தூரம் ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர். எண்ணூரில் இறங்கி இன்னொரு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். நாற்பத்தைந்து ரூபாயில் ஒரு வழக்கறிஞர் தன் முதல் வழக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதை வாசகர்களுக்கு மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். அந்த வழக்கறிஞர் நான்தான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். வழக்கறிஞராகப் பதிவு செய்த அன்று வாங்கிய கறுப்புக் கோட்டை அம்மா இஸ்திரி போட்டுப் பையில் வைத்திருந்தார். "கோர்ட்டுக்குப் போகலம்மா, குப்பத்துக்குப் போறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "வக்கீலுன்னா கோட்டு வாணாமா? எட்த்துக்கினு போடி" என்றார். எடுத்துக்கொண்டேன்.

முந்தின நாள் மாலை கயல் அழைத்திருந்தாள். சட்டக் கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள், முகத்துவாரக்குப்பத்துப் பெண்.

"எங்க அக்கா ஒரு ஆப்புல சம்மதம்னு தொட்டுட்டாடி. நாளைக்கு சாய்ந்தரம் நாலு மணிக்கு அவளோட பாயிண்டெல்லாம் அல்லாருக்கும் தொறந்துடுமாம். நீ வா. நான் பேசுனா வூட்டுப் பொண்ணு பேசுதுன்னு சொல்லிடுவாங்க."

பாயிண்ட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடலுக்கடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் இருக்கின்றன. மீன் அங்கேதான் கூடும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். வருடக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்த திட்டின் இடத்தைப் படகிலுள்ள ஜி.பி.எஸ். பெட்டியில் புள்ளியாகப் பதிந்து வைப்பார்கள். கயலின் அக்கா தேசம்மாவின் கணவர் காய்ச்சலில் இறந்தபோது ஒரு ஃபைபர் படகையும், அந்தப் பெட்டியையும், அதற்குள் இருந்த புள்ளிகளையும் விட்டுப் போனார். அந்தப் புள்ளிகள் இருப்பதால்தான் ஆட்கள் தேசம்மாவின் படகில் ஏறுகிறார்கள். அவை ஊருக்கே தெரிந்துவிட்டால், சின்னப் படகில் ஏற யாருக்கும் காரணம் இருக்காது.

காலை 7.05, பெண்கள் பெட்டி.

தண்டையார்பேட்டை தாண்டும்போது எதிர் இருக்கையில் இருந்த பெண்மணி போனை ஸ்பீக்கரில் போட்டு, மருமகன் குடித்துவிட்டு வந்து செய்த ரகளையை முழுதாகக் கேட்டு முடித்தார். பெட்டியே சேர்ந்து கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாம்மே அந்தாண்ட பாக்குற? அல்லாத்தையும் கேட்டுக்கினுதான இருந்த? கேட்டல்ல, ஒரு ரோசன சொல்லிட்டுப் போ."

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து இருக்கைப் பெண் செல்ஃபி எடுக்கப் போனைத் தூக்கினாள். அம்மணி சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஏய், என் மூஞ்சி வந்துது, போனு ஜன்னலுக்கு அந்தாண்ட போவும், சொல்ட்டேன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பரபரப்பும். குடும்பக் கதை ஊருக்குப் பொது, முகம் மட்டும் தனது! தனியுரிமை பற்றிய பாடத்தில், ஜெர்மனியில் பலர் இணைய வரைபடத்தின் தெருப் படங்களில் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்று படித்தோம். அதை அம்மாவிடம் சொன்னபோது, "வூட்டுக்கு இன்னாத்துக்குடி வெக்கம்?" என்று கேட்டார். எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டு அலாரத்துக்கு நாங்கள் எழுந்துகொள்வோம். மறைப்பது என்பது எல்லா ஊரிலும் இருக்கிறது, எதை மறைப்பது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர்கள் அடுக்கடுக்காக ஓடின. திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு வாசனை.

காலை 7.50, எண்ணூர்.

நிலையத்திலிருந்து குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"அமாவாச ஆச்சே, இன்னிக்கு யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்களே. மீன் வாங்கவா வந்த?" என்றார் ஓட்டுநர்.

"இல்லண்ணா, கேஸு விஷயமா. நான் வக்கீல்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "அப்ப முன்னாடி வந்து குந்தும்மா. மீட்டரு இன்னாத்துக்கு ஓடலன்னு மட்டும் கேட்டுடாத."

முகத்துவாரக்குப்பத்தில் ஆறு கடலோடு சேருகிறது. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மறுபக்கம் துறைமுகத்தின் பளுதூக்கிகள், நடுவே மணலில் ஏற்றி வைத்த படகுகள். நான் நடந்த தெருவில் ஒரு கதவும் சாத்தியிருக்கவில்லை. ஒரு வீட்டில் தலை வாரிக்கொண்டிருந்த பெண் தெருவோடு பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு வீட்டில் கணவன் மனைவி சண்டை. எதிர் வீட்டுக்காரர் நடுவர். நான் தேசம்மா வீட்டைச் சேர்வதற்குள் "கயலு தோஸ்து, வக்கீலு" என்ற செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

தேசம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார் என்று கயல் சொல்லியிருந்தாள், அன்று சிரிக்கவில்லை.

"நீலச் சட்ட போட்டுக்கினு ஒரு புள்ள வந்துது. காத்து எப்புடி, அலை எப்புடி, மீனு இன்னா வெல, அல்லாம் போன்லயே தெரியும்னுச்சு. பெட்டியக் குடுக்கா, இத்தோட சேத்து வுடறேன்னுச்சு. குடுத்தேன். இங்க தொடுன்னுச்சு. தொட்டேன்."

"படிச்சுப் பாக்காமயா தொட்டீங்க?"

"படிக்கறது இருக்கட்டும்மா. யாரு இருந்தாங்க அங்க? நானு, அந்தப் புள்ள, அடுப்பு. எங்க ஊர்ல ஒரு வார்த்த குடுக்கணும்னா கோயிலாண்ட, நாலு பேருக்கு எதிர்ல, வாயத் தொறந்து சொல்லணும். யாருமே பாக்காம வெரலால தொட்டது எப்புடிம்மா வாக்கு ஆவும்?"

இப்போது விளங்கியது. இந்த அம்மா ஏமாளி அல்ல. அந்தப் பொத்தானைச் சம்மதமாகவே அவர் எண்ணவில்லை. கொசுவை அடிப்பது போல ஒரு தொடுதல், அவ்வளவுதான். வேறு எந்த ஊரிலாவது இப்படி நேர்ந்திருக்குமா என்று தெரியவில்லை.

மதியம் வரை போனில் இருந்த நிபந்தனைகளைப் படித்தேன். முழுவதும் ஆங்கிலம். "பயனர் பதிவேற்றும் இருப்பிடத் தகவல்களைப் பிற பயனர்களுடனும் கூட்டாளி நிறுவனங்களுடனும் பகிர்வோம்" என்ற பொருளில் ஒரு வரி உள்ளே புதைந்திருந்தது. அதைக் கயலுக்கு உரக்கச் சொன்னேன். "அதாவது, நம்ம பாயிண்ட அல்லாருக்கும் குடுப்பாங்க, யாரு யாருன்னு சொல்ல மாட்டாங்க" என்று கயல் அதைக் குப்பத்துத் தமிழுக்கு மாற்றினாள். இருவருக்கும் தேர்வு அறைக்கு வெளியே நிற்பது போலிருந்தது. பகல் உணவு சாம்பாரும் வடையும். அமாவாசையில் மீன் கிடையாது. இவ்வளவு தூரம் மீனவர் வீட்டுக்கு வந்து சாம்பார் சாப்பிட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

சாப்பிடும்போது தேசம்மா இன்னொன்றும் சொன்னார். ஒரு படகில் வேலை செய்துவிட்டு விலகிப் போகிறவர், அந்த வீட்டுப் பாயிண்டுக்குப் பிறகு போகக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினால் அந்த ஆளை வேறு எந்தப் படகும் ஏற்றாது. கையில் இருந்த வடையை அப்படியே வைத்துவிட்டேன். ஒரு காரியத்துக்காகத் தெரிந்துகொண்டதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தாதே! தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நான் மொட்டை மாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்த கொள்கை.

மாலை 3.30, கோயில் முன்.

ஆப்பைப் பற்றி ஊருக்கு விளக்க அம்மன் கோயில் எதிரில் பந்தல். ஆண்கள் முன்னால், பெண்கள் பக்கவாட்டில், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டை இளைஞர் பெயர் பிரகாஷ். மரியாதையாகப் பேசினார். காற்று, அலை, விலை எல்லாவற்றையும் காட்டினார். உண்மையிலேயே நல்ல பயன்கள். பிறகு, "நாலு மணிக்குப் பொது வரைபடம் ஆரம்பம். எல்லார் பாயிண்டும் எல்லாருக்கும்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆப்பு ஆப்புன்றியே, யாருக்கு நைனா ஆப்பு?" பந்தல் சிரித்தது.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன். அம்மா கெட்டிக்காரி. "வியாசர்பாடிலேந்து வந்துகீறேன். தேசம்மாக்காவோட வக்கீல்" என்றேன். என் வாயிலிருந்து வீட்டுத் தமிழ் வந்ததும் கூட்டம் நிமிர்ந்தது.

பிரகாஷ் சிரித்தபடி கேட்டார்: "மேடம், இந்தக் குப்பத்துல கதவே சாத்த மாட்டாங்க. யாரு வீட்ல என்ன குழம்புன்னு எல்லாருக்கும் தெரியும். இங்க யாருக்கு மேடம் பிரைவசி?"

"சரி. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. நேத்து நெறைய மீனு கொண்டாந்தது யாரு?"

பத்துப் பேர் ஒருவரைக் காட்டினார்கள். அவர் பெருமையாகத் தலையாட்டினார்.

"எங்க புடிச்சீங்கன்னு அவரக் கேளுங்க."

பிரகாஷ் கேட்டார். அந்த ஆள் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கடல்ல."

"கடல்ல எங்கண்ணே?"

"தண்ணில."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. பிரகாஷும் சிரித்துவிட்டார். ஊர்த் தலைவர் ஏழுமலை மட்டும் சிரிக்காமல் விளக்கினார்: "தம்பி, பொண்டாட்டி எங்க, புள்ள எங்க, கடன் எவ்ளோ, அல்லாத்தையும் கேளு, சொல்லுவோம். அத்த மட்டும் இந்த ஊர்ல யாரும் யாரையும் கேக்க மாட்டோம்."

"கடல் பொதுதானே?" என்றார் பிரகாஷ். நியாயமான கேள்விதான். பதிலுக்கு நான் சட்டத்தைத் தேடுவதற்குள் தேசம்மா எழுந்துவிட்டார்.

"கடலு பொதுதான் நைனா. என் வூட்டுக்காரரு எங்கெங்க போனாருன்றது என்னுது."

அதன்பின் எனக்கு எல்லாமே எளிதாக வந்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதைச் சொன்னேன். சம்மதம் கேட்பவர் தமிழிலும் கேட்க வழி செய்ய வேண்டும், கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. அதன் பிரிவுகள் எல்லாம் இன்னும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "ஆனா இந்த ஊரு சட்டம் எப்பவோ நடைமுறைக்கு வந்துடுச்சு. கோயிலுக்கு எதிர்ல கேளுங்க. அவங்க வாயால சொல்லட்டும்."

தலைவர் மணியைப் பார்த்தார். நாலு ஆகப் பத்து நிமிடம். "கேளு தம்பி" என்றார்.

பிரகாஷ் எழுந்து நின்று, முதன்முறையாகச் சம்மதத்தைத் தமிழில், முழுவதுமாகக் கேட்டார்: "அக்கா, உங்க பாயிண்ட எல்லாருக்கும் காட்ட சம்மதமா?"

தேசம்மா அம்மனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இல்ல" என்றார். அதுவரை நான் கேட்டதிலேயே அழகான ஒற்றைச் சொல்.

பிரகாஷ் அலுவலகத்தை அழைத்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னது கூட்டம். அந்தப் பக்கம் முதலில் தயங்கினார்கள். "சார், ஊரே கேட்டுட்டு இருக்கு" என்று பிரகாஷ் தாழ்ந்த குரலில் சொன்னதும் வேலை நடந்தது. நீக்குவதற்கு முன் எல்லாப் புள்ளிகளும் இருக்கின்றனவா என்று சரிபார்க்கத் தேசம்மா போனைக் கையில் மறைத்து எனக்கு மட்டும் காட்டினார். கறுத்த கடலில் மஞ்சள் மஞ்சளாக ஒரு மனிதரின் உழைப்பு. புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. படகுப் பெட்டியில் மட்டும் அவை பத்திரம். காற்றும் அலையும் விலையும் வேண்டும், பாயிண்ட் கிடையாது என்று ஊர் முடிவு செய்தது. நீக்கியதற்கு எழுத்தில் உறுதி கேட்டிருக்கிறேன். அது வரும் வரை விடப் போவதில்லை.

மாலை 5.30, திரும்புகை.

கிளம்பும்போது, இதைக் கட்டுரையாக எழுதலாமா என்று தேசம்மாவைக் கேட்டேன். அங்கேயே, நாலு பேருக்கு எதிரில். "எயுது. பேர மட்டும் மாத்திக்கோ. தேசம்மான்னு வை, எனக்கு அந்தப் பேரு மேல ரொம்ப நாளா ஆச" என்றார். பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. முந்தின நாள் பிடித்து ஐஸில் வைத்திருந்த சங்கரா மீன்களை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார்.

ஏழு மணிக்கு வியாசர்பாடிப் படிக்கட்டில் ஏறினேன். எங்கள் மாடியிலும் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. அம்மா கோட்டை வாங்கி முகர்ந்து பார்த்து, "மீனு நாத்தம்" என்று பெருமையோடு சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, சங்கரா இவ்ளோ பெருசா கீது! எங்க புடிச்சதாம்?"

இந்தக் கட்டுரையில் தூரம், கட்டணம், நேரம் எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருக்கிறேன். நான் பார்த்த வரைபடத்தில் அந்த மஞ்சள் புள்ளிகள் எங்கே இருந்தன என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனப்பாடம் செய்வதில் நான் கெட்டிக்காரி.

"கடல்லக்கா" என்றேன்.