ஆளுக்கு ஒரு அடி

புனே காசார்வாடி பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி பிரேக் டிரம்மை உலையாக்கி, கரி போட்டு, என் ஹேர் டிரையரால் ஊதினேன். எங்கள் வாகட் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் இன்று இரும்புக் கம்பி நிஜமாகவே சிவந்துவிட்டது! குதித்தேன்.

சாவி மாட்ட ஒரு கொக்கி செய்வதாகத் திட்டம்.

சுத்தியலால் முதல் அடி விழுந்ததுமே சொசைட்டி செக்ரட்டரி மூச்சிரைக்க வந்தார். "யே க்யா ஹை மேடம்? பந்த் கரோ!"

போச்சு, நிறுத்தச் சொல்கிறார், உலையை அணைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சிவந்த கம்பியைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஏக் பார் மை மாரூன்?"

தானும் ஒரு அடி அடிக்கட்டுமா என்கிறார்!

அடித்தார். அவர் மனைவி அடித்தார். சத்தம் கேட்டு வந்த மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோரும் வரிசையில் நின்று அடித்தார்கள். நான் சூடாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

கொக்கியாக வேண்டிய தடிக்கம்பி, முனை நசுங்கி அருமையான தோசைத் திருப்பி ஆகிவிட்டது.

"சொசைட்டி சொத்து" என்று செக்ரட்டரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வீட்டில் தோசைக்கல்லே கிடையாது. நீங்களே நியாயம் சொல்லுங்க மக்களே!