அத்தை சிரித்த நாள்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு நாள் காலையில் கல்யாணப் பந்தல் நின்றது. இரு பக்கமும் குலை தள்ளிய வாழை மரங்கள், தென்னங்குருத்துத் தோரணம், சந்தனக் கிண்ணம், நாதஸ்வரக்காரர்கள் இருவர் என்று எல்லாம் இருந்தன. மணமக்கள் யாரென்று மட்டும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாதஸ்வரக்காரர்கள் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார்கள், சத்தம் வரவில்லை. வேலிக்கு அப்பால் நெல்வயலின்மேல் வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. பந்தலுக்குள் மட்டும் விடியற்காலைப் பனி. மூலையில் ஓர் இயந்திரம் அந்தப் பனியை மெல்லக் கக்கிக்கொண்டிருந்தது. தூரத்து மலை வெயிலில் தெளிவாகத் தெரிய, எங்கள் சொந்த வாசல் மட்டும் யாரோ கண்ட கனவுபோல மங்கலாகிக் கிடந்தது. இன்று நினைத்தாலும் அதைக் கண்ணால் கண்டேனா, உறக்கத்தில் கண்டேனா என்று ஒரு கணம் தடுமாறுகிறேன்.

மலையாள எல்லையோரம், சித்தூருக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். பழைய ஓட்டு வீடுகளும் பனைகளும் இருப்பதால் சினிமாக்காரர்கள் இந்தப் பக்கம் அடிக்கடி வருவார்கள். எங்கள் வீட்டைக் கேட்டு வந்தபோது அத்தை ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவே இல்லை. அத்தை என்று நான் சொல்வது என் கணவரின் தாயை. மாமனார் போன பிறகு தென்னையும் நெல்லும் கடலையுமாக இருந்த பூமியைத் தனி ஆளாக நடத்தியவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் வேலையைப் பற்றித்தான் பேசுவார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபக்காரர் என்று சொல்ல முடியாது. அவரிடம் சிரிப்பு மட்டும் இல்லை, அவ்வளவுதான். ரொம்ப நாளாகப் பூட்டியே கிடக்கும் ஓர் அறையைக் கடந்து போவதுபோல நாங்களெல்லாம் அதைக் கடந்து போகப் பழகியிருந்தோம்.

நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடிகையாக இருந்தேன். நடிகை என்று சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சித்தூர் கல்லூரியில் நாடகம், அதன்பிறகு தொலைக்காட்சித் தொடர்களில் கதாநாயகியின் தோழி, பக்கத்து வீட்டுப் பெண், ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு சினிமாவில் குடத்தோடு நடந்திருக்கிறேன். காலையில் முகத்துக்குப் பவுடர் போட்டு உட்கார வைத்தால் சாயங்காலம் வரை கூப்பிடமாட்டார்கள். வியர்வையில் பவுடர் வழியும், மறுபடி போடுவார்கள். சில நாள் கூப்பிடாமலே அனுப்பிவிடுவார்கள். ஆனால் கூப்பிட்டு, விளக்கு முகத்தில் விழுந்து, சுற்றியிருப்பவர்கள் மூச்சடக்கி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அப்போது நான் என்னைவிட்டு இறங்கி வேறொருத்தியின் உடம்புக்குள் நடந்து போவேன். அந்த சுகத்துக்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றும்.

பெண் பார்க்க வந்த அன்றே அத்தை சொல்லிவிட்டார்: "நடிப்பெல்லாம் அங்கயே விட்டுப்போட்டு வரோணும் அம்மிணி." மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. விட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் உடம்பு அப்படி லேசில் விடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அன்று பார்த்தவர்களையெல்லாம் கணவருக்கு நடித்துக் காட்டுவேன். பால் சொசைட்டிக்காரர், பஸ் கண்டக்டர், கல்யாணத் தரகர். எல்லாரையும்விட அதிகம் நடித்தது அத்தையைத்தான். எங்கள் கடலைக்காட்டில் மயில்கள் இறங்கும். அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தென்னமட்டையோடு போவார். அவருக்குக் கோபம் ஏற ஏறப் பேச்சில் மரியாதையும் ஏறும். மயிலிடமும் அப்படித்தான். "ஏனுங்க, இது உங்க அப்பனூட்டுக் கடலைங்களா? எந்திரிச்சுப் போறீங்களா, இல்ல நான் வரட்டுங்களா?" நான் இதைச் செய்து காட்டும்போது கணவர் தலையணையை வாயில் அமுக்கிக்கொள்வார். எட்டு வருடம் எனக்கு வாய்த்த ஒரே ரசிகர் அவர்தான்.

படப்பிடிப்பு அன்று, கல்யாணக் கூட்டத்தில் உட்கார வேண்டிய வயதான நடிகைக்குக் காய்ச்சல் என்று காலையில் தகவல் வந்தது. மாப்பிள்ளையின் வேட்டி அவிழ்வதைப் பார்த்து அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். காட்சியே அதுதான். இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வாசலில் தண்ணீரைக் கொட்டியதற்காக யாரையோ கண்டித்துக்கொண்டிருந்த அத்தை அவர் கண்ணில் பட்டார்.

"அம்மா, நீங்களே வந்து உட்காருங்களேன்."

"எனக்கு நடிக்கவெல்லாம் தெரியாதுங்க."

"நடிக்க வேண்டாம்மா. சிரிச்சாப் போதும்."

"சிரிக்கறதுங்களா?" என்று கேட்ட அத்தை கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். தெரியாத ஊரில் வழி தவறி நிற்பவரின் பார்வை அது.

தலையில் பூ வைத்து உட்கார வைத்தார்கள். சிரிப்பு வரவில்லை. உதடு விரிந்தது, கண் அப்படியே இருந்தது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் அப்படியே. உதவி இயக்குநராக இருந்த பெண் என்னிடம் வந்து, "அக்கா, கேமராவுக்குப் பக்கத்துல நின்னு அவங்க சிரிக்கற மாதிரி எதாச்சும் செய்யறீங்களா?" என்றாள். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு வித்தைதான். அதைக் காட்டினால் இந்த வீட்டில் என் நிலைமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, எல்லாரும் மூச்சடக்கி நின்றார்கள். எட்டு வருடம் கழித்து அந்த அமைதி என்னைக் கூப்பிட்டது. நான் சேலையை இழுத்துச் செருகினேன். இல்லாத தென்னமட்டையைக் கையில் எடுத்தேன். "ஏனுங்க..." என்று ஆரம்பித்தேன்.

ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அது யாரென்று உடனே தெரிந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, பயம். அத்தை என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையின் எதிரே நான் மயிலை விரட்டிக்கொண்டே இருந்தேன். "வரட்டுங்களா?" என்று மட்டையை ஓங்கியபோது அவருடைய தோள் முதலில் குலுங்கியது. பிறகு அது வந்தது. அடிவயிற்றிலிருந்து, உருட்டுச் சத்தமாக, கொஞ்சம் கரகரப்பாக, நிற்காமல். மாட்டுக்கொட்டகையில் இருந்த என் கணவர் ஓடிவந்தார். "யாரது, அம்மாவா?" என்று கேட்டுவிட்டுப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வளர்ந்த வீட்டில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை.

கேமராவை இடம் மாற்றி வைத்து இன்னும் நான்கைந்து தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவைக்கு என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. "நீ சும்மா நில்லு அம்மிணி, நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. எதிரே ஒன்றுமில்லாத வெற்றிடத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரித்தார். ஒரு சிரிப்பு இன்னொன்றைப் போல இல்லை. நான் கல்லூரியிலும் பிறகும் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை இந்த மனுஷி பூ வாடுவதற்குள் செய்துவிட்டாரே என்று பொறாமையாகக்கூட இருந்தது. பந்தலைப் பிரித்த பிறகு கேட்டார்: "என்னைய எப்படிப் படிச்ச?"

"எட்டு வருசமாப் பாத்துட்டுத்தானுங்க அத்தை இருக்கறேன்."

"ம்" என்றார். பூவை மட்டும் கழற்றவில்லை.

படம் வந்தபோது சித்தூர்த் தியேட்டருக்கு மதியக் காட்சிக்குச் சொந்தபந்தத்தோடு போனோம். புகைப்பனி விலக, எங்கள் வாசல் திரை நிறைய வந்தது. அத்தையின் முகம் வந்தது, வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது வேறு யாருடைய சிரிப்போ. மெல்லிய, இனிப்பான, மணி உருட்டியது போன்ற சிரிப்பு. சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். இருட்டில் அத்தை என் பக்கம் திரும்பினார். "அது யாரு அம்மிணி?"

நான் டப்பிங் என்றால் என்னவென்று சொன்னேன். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, அது இந்தத் தொழிலில் சகஜம் என்றேன். ஒரு முழு நாள் நின்று பேசிய வசனம் படத்தில் இல்லாமலே போகும், அழுத காட்சியில் முதுகு மட்டும் மிஞ்சும் என்றெல்லாம் சொன்னேன். எனக்கு நடந்தபோது பொறுத்துக்கொண்டதையெல்லாம் அவருக்குச் சமாதானமாகச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பனைகள் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்க்காமலே பேசினார்.

"கல்யாணமான புதுசுல ஊட்டுல ஒரு விருந்து. பரிமாறறவன் வழுக்கி ஒருத்தரு மேல ரசத்தக் கொட்டிப்போட்டான். நான் சிரிச்சுப்போட்டேன். உன்ற மாமனாரோட அப்பா, அத்தன சனத்துக்கு முன்னால, இந்த ஊட்டுல இனி இந்தச் சத்தம் கேக்கப்படாதுன்னுட்டாரு. அதோட நிறுத்திக்கிட்டேன்."

பஸ் ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது.

"உன்னைய நிறுத்தச் சொன்னது நானு" என்றார். பிறகு, "அந்த உதவி டைரக்டரு புள்ள உன்னைய நடிக்கக் கூப்பிட்டுதுன்னு சொன்னயல்ல? போயிட்டு வா. மாடு கன்ன நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் ஏலம் விளையும் உடும்பஞ்சோலை மலைக்குப் போனேன். அந்த உதவி இயக்குநர் பெண் அப்போது சொந்தமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏலத்தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவளாக நான். முதல் மூன்று நாள் மூடுபனி விலகவே இல்லை. இயந்திரம் கக்கிய புகை இல்லை இது, நிஜப் பனி. மரங்கள் அதற்குள்ளிருந்து வருவதும் போவதுமாக இருந்தன. உட்கார்ந்தே இருந்தேன். மனப்பாடம் செய்துவைத்திருந்த நான்கு பக்க வசனம், பனி விலகிய நான்காம் நாள், நேரமில்லை என்று ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஏலச்செடியின் அடியில், ஈரமண்ணில் குந்தி, தரையோடு தரையாகப் படர்ந்த காய்ச்சரத்தில் கை வைத்த அந்த நொடியில் நான் அந்தத் தோட்டத்துக்காரியாகவே இருந்தேன். என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தது நிஜமாகவே அங்கே காய் எடுக்கும் ஓர் அம்மாளை. நான் இழுத்த இழுப்பில் சரமே கையோடு வந்துவிட்டது. "ஏ தாயி, அப்படிப் புடுங்காதம்மா, சரம் அந்து போயிருச்சு பாரு!" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு எழுதி வைத்த காட்சியில் இல்லாதது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் காட்சி என்று இயக்குநர் வைத்துக்கொண்டாள்.

என் குரலைப் பதிவு செய்யக் கொச்சிக்குப் போனபோது அத்தையும் கூட வந்தார். குரல் மாற்றும் இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். கண்ணாடித் தடுப்பு, சுவரெல்லாம் பஞ்சு, உள்ளே போனால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். நான் என் ஒரு வரியைப் பேசி முடித்தேன். பிறகு திரையில் அந்த ஏலத்தோட்டத்து அம்மாளின் முகம் வந்தது. ஒலிப்பதிவாளர் தலையைச் சொறிந்தார். மலைக்காற்று மைக்கில் விழுந்து சிரிப்பைக் கெடுத்துவிட்டது என்றார். அத்தை அந்தக் கல்யாணக் காட்சியில் எப்படிச் சிரித்தார் என்று இயக்குநர் ஒலிப்பதிவாளரிடம் சொல்லியிருந்தாள். அவர் அத்தையிடம் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "அம்மே, இந்த முகத்துக்கு நிங்கள் ஒண்ணு சிரிச்சுத் தருமோ?"

அத்தைக்கு ஆசை வந்தது. எனக்குத் தெரிந்தது. மைக்கின் முன்னால் போய் நின்றார், ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார், முந்தானையைச் சரிசெய்தார். இந்த முறை அவருடைய சிரிப்பை யாரும் அழிக்கப்போவதில்லை. எத்தனையோ தியேட்டர்களில் கேட்கும். தோள் குலுங்கத் தயாராவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த அம்மா, அவிய சிரிச்சது இருக்குதுங்களா?"

"உண்டு. காத்தாணு பிரச்சனை."

"போடுங்க, கேக்கறேன்."

போட்டார். மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு காதிலிருந்ததைக் கழற்றி, மடித்த துணியை வைப்பதுபோல மேசைமேல் வைத்தார். "காத்தோடயே இருக்கட்டுங்க. நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, "போலாமா அம்மிணி" என்றார். இயக்குநர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். எங்கள் முன்னால் அவர்கள் ஒன்றும் முடிவு செய்யவில்லை.

அதன்பிறகு நான் தொடர்ந்து நடிக்கிறேன். இன்னும் சின்ன வேடங்கள்தான். அத்தை இன்னமும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். இப்போதெல்லாம் வீட்டில் சிரிக்கிறார், தினமும் என்று சொல்லமாட்டேன்.

ஏலத்தோட்டப் படம் போன மாதம் வந்தது. என் வரி எப்போது வந்தது, எப்போது போனது என்று சொந்தக்காரர்கள் கவனிக்கும் முன்பே முடிந்துவிட்டது. அடுத்து பனிக்குள்ளிருந்து அந்த அம்மாளின் முகம் மெல்லத் தெளிந்தது. முதலில் காற்றுதான் வந்தது, தியேட்டர் முழுக்க, மலையே மூச்சு விடுவதுபோல. அதற்குள்ளிருந்து, பாதி அடித்துக்கொண்டுபோய்ப் பாதி மிஞ்சி, ஒரு சிரிப்பு.

அத்தை என் கையைப் பிடித்தார்.

"அவளுதேதான்" என்றார்.