இரண்டு முடிச்சுக்குச் சம்மதித்த கழுத்து

திருகோணமலையில் கல்யாணப் பொம்பிளை சோடிப்பதென்றால் தயாளினியின் கைதான் ராசியான கை என்று பேச்சு. நானூறு பேருக்கு மேல் மணவறைக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தக் கையின் சொந்தக்காரிக்கு ஐம்பது வயதாகியும் கல்யாணமாகவில்லை என்பதை யாரும் ராசியில் சேர்ப்பதில்லை. அவள் வீட்டில் இரண்டு கதிரைகள். ஒன்றில் அவள் இருப்பாள். மற்றதில் மடித்த சேலைகள் இருக்கும்.

காரணம் கோயிலில் இருக்கும் காளியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். தொண்ணூற்றேழில், அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், மாப்பிள்ளை பிரகலாதனைக் கப்பல்துறைப் பக்கம் வைத்து யாரோ வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று கேட்கக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. கேட்கக்கூடிய ஒரே இடம் கோயில். நேர்த்தி வைப்பவர்கள் தேங்காயில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே போவார்கள். தயாளினிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டாள்.

“அவரை உயிரோட விடு தாயே. என்ர கழுத்தில தாலி ஏறவேண்டாம்.”

பத்தொன்பதாம் நாள் பிரகலாதன் வந்தான். இடது காது போயிருந்தது. மற்றபடி முழு ஆள். தெய்வம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டால் மனிதருக்கு வேறு வழியில்லை. விருப்பமில்லை என்று மட்டும் சொல்லியனுப்பினாள். காரணத்தைச் சொன்னால் அவன், “அதுக்குப் பதிலாப் பால்குடம் எடுப்பம்” என்பான். அவளும் இளகிவிடுவாள். அவன் இரண்டு வருடம் கோபித்துக்கொண்டு திரிந்துவிட்டு, கந்தளாயில் ஒரு பெண்ணைக் கட்டி அங்கேயே சீமெந்துக் கடை போட்டான். கொழும்பு பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையில் தொலைபேசி இலக்கம் தெரியும். அவள் அதை எழுதி வைக்கவில்லை. மறக்கவுமில்லை.

போன வருடம் ஜதுர்சன் என்ற இளைஞன் படம் எடுத்தான். சைவப் பெண், சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரப் பையன், வீட்டை விட்டு ஓடிச் சல்லிக் கிராமத்தில் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம், கடைசியில் பையன் கடலில் சாவு. தாலிக்கொடிக்கு வசதி இல்லாததால் மஞ்சள் கயிறு. கதாநாயகி தேனுகாவைச் சோடிக்கத் தயாளினி போயிருந்தாள். கயிற்றைக் கண்டதும் தேனுகாவின் தாய் மறித்துவிட்டார்.

“பிள்ளைக்குச் சாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறம். நடிப்பெண்டாலும் கயிறு கயிறுதான், தம்பி.”

ஜதுர்சன் சுற்றிலும் பார்த்தான். “அக்கா, நீங்கள் இருங்கோ. பின்கழுத்து மட்டும் போதும், முகம் வராது. மூண்டு முடிச்சால உங்களுக்கு என்ன நட்டம்?”

பகிடியாகத்தான் சொன்னான். தயாளினியும் சிரித்தாள். “ரெண்டு முடிச்சு. மூண்டாவதுக்குக் கை வைச்சா எழும்பிப் போயிடுவன்.”

“படத்தில மூண்டு வேணுமே அக்கா!”

“அது உன்ர பாடு.”

இரண்டோடு நின்றால் அது தாலியில்லை, நேர்த்தியும் உடையாது என்று அவள் கணக்குப் பார்த்தது பாதி உண்மை. மற்றப் பாதி, நானூறு கழுத்துகளுக்குத் தெரிந்ததைத் தன் கழுத்தும் ஒருதரம் அறியட்டும் என்ற ஆசை. கயிறு ஈரமாக, குளிராக இருந்தது. இரண்டாவது முடிச்சில் நடிகனின் விரல் கொண்டைப் பூவில் சிக்கி, ஒரு மல்லிகை அவளுடைய தோளில் விழுந்தது. எழும்பிவிட்டாள்.

படத்தை ஒரு சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் போட்டார்கள். மருதோன்றி போட அவளோடு கூட வரும் நஸ்ரியாவும் பக்கத்தில் இருந்தாள். திரை நிறையத் தயாளினியின் கழுத்து. முதல் முடிச்சு. இரண்டாவது, மல்லிகை விழுந்தது. மூன்றாவது, அதே மல்லிகை இன்னொருதரம் விழுந்தது.

சனம் கைதட்டியது. இரண்டாவது முடிச்சையே ஜதுர்சன் திருப்பிப் போட்டிருக்கிறான் என்று அவளுக்கு உடனே விளங்கியது. படிக்காதவளல்ல. ஆனால் காளியம்மாளுக்குப் படம் வெட்டி ஒட்டும் வித்தை தெரியுமா? முந்நூறு பேர் சாட்சியாக மூன்று முடிச்சு விழுந்திருக்கிறது. வாக்குத் தவறியது இந்தப் பக்கம் என்றால், அந்தப் பக்கம் கொடுத்த உயிர்?

எழும்பினாள்.

“எங்கக்கா போறீங்க?” நஸ்ரியா சேலையைப் பிடித்து இழுத்தாள். “பொடியன் இன்னும் மௌத்தாகல்லயே! அழுற இடம் இனித்தானே வருது!”

வெளிப்படியில் நின்று, இருபது வருடமாக அழுத்தாத இலக்கத்தை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

“ஹலோ! ஆர்? கொஞ்சம் உரத்துக் கதையுங்கோ, எனக்கு ஒரு காது கேளாது!”

உயிரோடிருந்தான். இரைந்துகொண்டும் இருந்தான். கேட்க வேண்டியது அதோடு முடிந்துவிட்டது. ஆனால் வைக்க மனம் வரவில்லை.

“சீமெந்து இருக்கோ?” என்றாள் உரத்து.

“ஓம் அம்மா, இருக்கு. எத்தினை மூடை?”

அவள் அதை யோசித்து வைக்கவில்லை. “ஒண்டு.”

“எங்கயிருந்து கதைக்கிறியள்?”

“திருகோணமலை.”

மறுமுனையில் சிரிப்பு. பழைய சிரிப்புத்தான், கொஞ்சம் இளைப்பு வாங்கியது. “என்னம்மா நீங்கள்! ஒரு மூடைக்கு ஆரும் இவ்வளவு தூரம் வருவினமோ? கிட்டக் கடையில எடுங்கோ. மினக்கெட்டு வராதேங்கோ, என்ன?”

“ஓம்,” என்றாள் தயாளினி. “வரேல்ல.”