படகாகாத பணம்

என் கணவரின் ஓய்வுகாலப் பணம் கரையப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அதை எடுக்கவிடாமல் அவரைத் தடுத்தேன். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அவர் பெயர் தவராசா. மயிலிட்டியில் பிறந்தவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து இணுவிலுக்கு வந்தவர், கடல் தொழிலை விட்டு ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கப் போனார். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசு சேமலாப நிதியில் சேர்ந்தது. மயிலிட்டித் துறைமுகம் மறுபடி திறந்ததிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. ஓய்வு பெற்றதும் அந்தப் பணத்தில் படகு வாங்கித் தன் தம்பியோடு மீன்பிடிக்கப் போகவேண்டும்.

ஓய்வு பெற்ற கையோடு கேட்டார்.

"இஞ்சாரும், காசை எடுப்பமே? எஞ்சினோடை ஒரு படகு விலைக்கு நிக்குதெண்டு தம்பி சொல்லுறான்."

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவள். வீட்டில் பணவிடயத்தில் என் சொல்தான் கடைசிச் சொல். அப்போதே விலைவாசி ஏறத் தொடங்கியிருந்தது. நிதி தரும் வட்டி அதற்கு ஈடுகொடுக்காது என்பதும் எனக்கு விளங்கியிருந்தது...

"இப்ப எடுக்காதேங்கோ. கிடக்கட்டும், வட்டியோடை வளரும்," என்றேன்.

"நீர் சொன்னாச் சரிதானே."

மறுகேள்வி இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் அண்ணை கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா கரையில் நின்ற நிலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. 'பயமாக்கிடக்கு, போகாதேங்கோ' என்று சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். ஆனால் எனக்காகத் தன் ஆசையை விட்டவராக ஆகியிருப்பார். அதைத் தாங்க எனக்குத் துணிவில்லை. வட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். மண்ணெண்ணெய்க்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை. ரூபாய் விழுந்தது. நிதியின் வட்டி விலைவாசிக்கு எட்டவேயில்லை. கடைசியில் பணத்தை எடுத்துக்கொண்டு எஞ்சின் விற்கும் கடைக்குப் போனபோது, படகு இருக்கட்டும், நல்ல எஞ்சின் ஒன்றுக்கே அது போதவில்லை. அவர் அங்கிருந்த புது எஞ்சின் ஒன்றைத் தடவிப் பார்த்தார். கடைக்காரரிடம் சிரித்தபடி, "பிறகு வாறம்," என்றார்.

திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை ஓட்டியபடியே, "நீர் ஏன் யோசிக்கிறீர்? நாடே விழுந்துபோச்சு. அதுக்கு நீர் என்ன செய்யிறது?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன்...

"பசிக்குது," என்றேன்.

பசியே இல்லை. அவர் உடனே நிறுத்தி இரண்டு ரோல்ஸ் வாங்கினார். பெரியதை எனக்குத் தந்தார். முழுவதையும் சாப்பிட்டேன்.

இப்போது மற்றவர்களின் படகு எஞ்சின்களை வீட்டில் வைத்துத் திருத்திக் கொடுக்கிறார். திருத்தி முடித்ததும் அதை இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். அந்த வேளையில் நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஆனாலும், காற்று பலத்த நாட்களில் அவர் கையெல்லாம் எண்ணெயோடு முற்றத்தில் இருப்பதைப் பார்க்க என் நெஞ்சு குளிர்கிறதே... அதை என்ன செய்வது? அந்த நாள் மறுபடி வந்து, அவர் மறுபடி கேட்டால், உண்மையைச் சொல்வேனா?

சொல்லமாட்டேன் என்றே நினைக்கிறேன்.